கச்சானும் கரித்தூசியும்

திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் தமிழர். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றனர். கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றனர். தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றனர். மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றனர். பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று நெடுநல்வாடை எனக் காற்றின் பெயரையே தன் பெயரிற் கொண்டுள்ளது. இலங்கைக் கரையோரத் தமிழில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். கடலில் இறங்கலாமா என்று மீனவர் முடிவு செய்வதும், மழை எப்போது வரும் என்று கமக்காரர் கணிப்பதும் காற்றின் திசையைப் பார்த்தே. இவ்வாறு காற்று எங்கிருந்து வருகின்றது என்பதை நன்கறிந்த நாம், அது எதைச் சுமந்து வருகின்றது என்று கேட்க மட்டும் இன்னும் பழகவில்லை. அக்கேள்வியைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை முன்வைத்துக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிராமம் என்னும் சாக்கு

நகரத்துக் காற்று கெட்டது, கிராமத்துக் காற்று நல்லது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. பாடசாலைக் கட்டுரைகள் அதைக் கற்பிக்கின்றன. திரைப்படங்கள் அதைப் பாடுகின்றன. விடுமுறைக்குக் கற்பிட்டிக்கு வரும் கொழும்புவாசிகள் நல்ல காற்று வாங்க வந்ததாகச் சொல்லிக்கொள்கின்றனர். இஃது இரசனை பற்றிய செய்தியாக மட்டும் இருப்பின் நாம் இதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடலாம். ஆனால் இவ்வெண்ணம் நாளடைவில் ஒரு சாக்காக மாறிவிட்டது. தூய காற்றை அளக்கவேண்டிய அவசியம் இல்லை என்பது அச்சாக்கின் முதற்படி. சனநெருக்கம் குறைந்த இடத்தில் அழுக்கான தொழில்களைக் கொண்டுபோய் வைக்கலாம் என்பது இரண்டாம் படி. அவ்வூர் மக்கள் முறையிட்டால், கடற்காற்று ஓயாது வீசும் வெளியிலே புகை எப்படித் தங்கும் என்று அவர்களையே திருப்பிக் கேட்பது மூன்றாம் படி.

இம்மூன்று படிகளையும் புத்தளம் ஏறிக் கண்டிருக்கின்றது. 1970 ஆம் ஆண்டளவிற் பாலாவியிலே சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. 2011 இல் நுரைச்சோலையிலே நிலக்கரி அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2017 ஏப்ரில் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிலே குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் தலைநகரின் குப்பைக்கு இடம் தேடியபோது, நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் அப்பால், சீமெந்துக்குச் சுண்ணக்கல் அகழ்ந்து கைவிடப்பட்ட அருவக்காட்டுக் குழிகளே அதிகாரிகளின் கண்ணிற் பட்டன. 2018 செப்ரெம்பர் இறுதியிற் புத்தளம் நகரிலே தொடங்கிய சத்தியாக்கிரகம் நூறு நாட்களைக் கடந்து நீடித்தது. ஆயினும் 2019 இல் குப்பை லொறிகள் வந்து சேர்ந்தன. ஒரே மாவட்டத்தில், அரை நூற்றாண்டுக் காலத்துள், சீமெந்து, நிலக்கரி, குப்பை என்னும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தமை தற்செயல் என்று நம்புவதற்கு மிகுந்த நல்லெண்ணம் வேண்டும். இந்நாட்டிலே வளி மாசடைதல் பற்றி வெளிவந்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை கொழும்பையும் கண்டியையும் பற்றியனவாக இருப்பதும் இவ்விடத்தில் மனங்கொளத்தக்கது. மாசு ஓரிடத்துக்கு அனுப்பப்படுகின்றது. ஆய்வு வேறோரிடத்தில் நடைபெறுகின்றது.

மழை தராத காற்று

கடற்காற்று மாசை அள்ளிச் சென்றுவிடும் என்று வாதிப்போர் முதலிற் புத்தளத்தின் காலநிலையை அறியவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் தொடக்கம் செப்ரெம்பர் வரை வீசுகின்றது. இக்காற்றுத் தன் மழையைத் தென்மேற்குத் தாழ்நிலத்துக்கும் மலைநாட்டின் மேற்குச் சரிவுக்கும் கொடுக்கின்றது. கொழும்பிலும் இரத்தினபுரியிலும் அக்காலத்திற் காற்றும் மழையும் சேர்ந்து வருவதால் வானத்துத் தூசியை மழை கழுவி விடுகின்றது. புத்தளத்துக்கோ அக்காற்றிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் காற்று மட்டுமே. இக்கரையோரத்தின் மழையிற் பெரும்பங்கு ஒக்ரோபர், நவம்பர் மாதங்களை ஒட்டியே பெய்கின்றது. ஆகவே காற்றுக் கடுமையாக வீசும் மாதங்களும், மண் மிகவும் காய்ந்து கிடக்கும் மாதங்களும் இங்கு ஒன்றாகவே அமைகின்றன.

மண்ணின் இயல்பையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாடு முற்றிலும் மணற்பாங்கானது. ஈரமில்லாத மணல் எளிதில் எழும்பும். காற்றின் வேகம் இருமடங்காகும்போது அது கிளப்பும் தூசியும் இருமடங்காகும் என்று நினைத்தல் தவறு. ஓர் எல்லையைக் கடந்தபின் தூசியின் அளவு வேகத்தைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாகப் பெருகுகின்றது. இதே காற்றை நம்பித்தான் மாம்புரியில் 2010 இல் காற்றாலைகள் நிறுவப்பட்டன. இதே காற்றை நாடித்தான் பட்டம் பூட்டிய பலகையிலேறிக் கடலிற் சறுக்கும் வெளிநாட்டார் ஆண்டுதோறும் கற்பிட்டிக்கு வருகின்றனர். காற்றாலைக்குப் போதிய வலுவுடைய காற்று தூசியைக் கிளப்பவும் போதிய வலுவுடையதே.

நிலக்கரியின் நாட்காட்டி

இனி, இக்காற்றின் வழியில் நாம் எதை வைத்திருக்கின்றோம் என்று பார்ப்போம். நுரைச்சோலை நிலையத்தில் தலா 300 மெகாவாற்று வலுக்கொண்ட மூன்று பிறப்பாக்கிகள் உள்ளன. முதலாவது 2011 மார்ச்சிலே தேசிய மின்வலையமைப்புடன் இணைந்தது. முழு நிலையமும் 2014 செப்ரெம்பரிலே திறந்து வைக்கப்பட்டது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அது தருகின்றது. அதற்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் மெற்றிக் தொன் நிலக்கரி வேண்டும். அந்நிலக்கரி முழுவதும் வெளிநாட்டிலிருந்து கப்பலிலே வருவது. கப்பல்கள் கரைக்கு வருவதில்லை, ஆழ்கடலில் நிற்கின்றன. அங்கிருந்து தட்டையான சரக்குப் படகுகள் நிலக்கரியைக் கரைக்குக் கொண்டுவருகின்றன. கச்சான் எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இவ்வேலை நடைபெற முடியாது. எனவே செப்ரெம்பர் அல்லது ஒக்ரோபர் தொடங்கி ஏப்ரில் வரையுள்ள அமைதியான மாதங்களில், ஆண்டு முழுவதற்கும் வேண்டிய நிலக்கரியை இறக்கிக் குவித்துவிட வேண்டியிருக்கின்றது.

இதன் பொருள் யாது? மாதமொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் தொன் எரியும் நிலையத்துக்குக் கப்பல் வராத நான்கைந்து மாதங்களுக்குரிய கையிருப்பு வேண்டுமாயின், பல இலட்சம் தொன் நிலக்கரி ஏப்ரில் முடிவிலே கடற்கரையிற் குவிந்து கிடக்கவேண்டும். ஆண்டின் வேறெந்தக் காலத்தையும்விடக் குவியல் உயர்ந்து நிற்கும் வேளையிலேதான் கச்சான் புறப்படுகின்றது. நிலையம் மேற்குக் கரையில் இருக்கின்றது. காற்றுத் தென்மேற்கிலிருந்து வருகின்றது. ஊரும் தோட்டங்களும் களப்பும் அதற்கு அப்பால், காற்றுச் செல்லும் திசையில் இருக்கின்றன. கடல், குவியல், ஊர் என்னும் மூன்றையும் காற்றின் திசையிலே வரிசையாக நிறுத்திவைத்துவிட்டுக் காற்று மாசை அள்ளிச் சென்றுவிடும் என்று ஆறுதல் கூறுகின்றனர். அள்ளிச் செல்கின்றது என்பது உண்மைதான். எங்கே கொண்டுபோய்ப் போடுகின்றது என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை. உலர்த்தப் போட்ட துணியிலும் கீரையிலும் வீட்டு முற்றத்திலும் கறுப்புத் தூசி படிகின்றதென நுரைச்சோலை மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். பெயரிலேயே சோலையைக் கொண்ட ஊரின் இலைகளில் இன்று கரி படிகின்றது.

இதற்கு விடையாகக் கூறப்படுவனவற்றையும் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். குவியலின்மேல் நீர் தெளிக்கப்படுகின்றது என்கின்றனர். காற்றுத் தடுப்பு வேலி உண்டு என்கின்றனர். புகையிலுள்ள சாம்பலை மின்முறையாற் பிரித்தெடுக்கும் கருவி பொருத்தப்பட்டுள்ளது என்கின்றனர். கடல்நீரைக்கொண்டு கந்தகம் கழுவப்படுகின்றது என்கின்றனர். எஞ்சும் சாம்பலைச் சீமெந்து உற்பத்தியாளர் வாங்குகின்றனர் என்கின்றனர். இவையெல்லாம் பொய் என்று கூற நாம் முன்வரவில்லை. நம் கேள்வி எளிமையானது. தெளித்த நீர் எவ்வளவு நேரத்தில் வறண்ட காற்றிலே ஆவியாகின்றது? வேலிக்கு மேலாகக் குவியல் எத்தனை நாட்கள் உயர்ந்து நிற்கின்றது? எல்லாம் செவ்வனே நடைபெறுகின்றனவாயின், நாள்தோறும் எடுக்கும் அளவைகளை ஊர் நடுவிலே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைப்பதில் என்ன தடை? குற்றமற்றவர் கணக்கைக் காட்ட அஞ்சவேண்டியதில்லை.

தோட்டக்காரரின் பங்கு

இவ்வளவு கூறியபின் பழி முழுவதையும் ஒரு புகைபோக்கியின்மீது சுமத்திவிட்டுக் கட்டுரையை முடித்துக்கொள்வது எளிது. ஆனால் அஃது அரை உண்மையாகவே அமையும். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவது, ஆழமற்ற கிணற்று நீரும் அளவுக்கு மீறிய உரமும் இருப்பதனாலேயாகும். இட்ட உரத்தை மணல் பிடித்து வைப்பதில்லை; ஆகவே மீண்டும் மீண்டும் இடுகின்றனர். யூரியாவிலே 46 வீதம் நைதரசன் உண்டு. வெப்பம் மிகுந்த மணலின் மேற்பரப்பிலே தூவி, மண்ணாலோ நீராலோ உடனே மூடாமல் விட்டால், அதில் ஒரு கணிசமான பங்கு அமோனியா வாயுவாகி மேலே செல்கின்றது. கோழி எருவிலிருந்தும் அவ்வாறே அமோனியா வெளிவருகின்றது.

இங்கேதான் விவசாயமும் அனல்மின் நிலையமும் வானத்திலே சந்திக்கின்றன. நிலக்கரி எரியும்போது கந்தகவீரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளும் உண்டாகின்றன. அவை வளியில் அமிலங்களாக மாறுகின்றன. அவ்வமிலங்கள் அமோனியாவோடு சேரும்போது அமோனியம் சல்பேற்று, அமோனியம் நைத்திரேற்று என்னும் மிக நுண்ணிய திண்மத் துணிக்கைகள் பிறக்கின்றன. துணியில் நாம் காணும் கறுப்புத் தூசி பருமனானது. அதிற் பெரும்பங்கை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்நுண்துணிக்கைகளே கொடியவை. 2.5 மைக்குரோமீற்றருக்கு உட்பட்ட, அதாவது தலைமயிரின் தடிப்பிலே ஏறத்தாழ முப்பதிலொரு பங்கினதான துணிக்கை, நுரையீரலின் அடிவரை சென்று குருதியோடும் கலக்கவல்லது. வெளிக்காற்று மாசினால் 2019 இல் உலகெங்கும் 42 இலட்சம் பேர் காலத்துக்கு முன் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவருட் பெரும்பாலார் மாண்டது மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய் முதலியவற்றால். மரணப் பத்திரத்தில் அந்நோய்களின் பெயர்கள் எழுதப்படும். காற்றின் பெயர் எழுதப்படுவதில்லை.

தோட்டக்காரர் செய்வது இம்மட்டோடு முடிவதில்லை. காய்ந்த செடிகளையும் தென்னோலைகளையும் கூட்டி எரிப்பது இக்கரையோரம் எங்கும் காணும் வழக்கம். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை பரந்துள்ள தென்னந்தோட்டங்களில் விழும் ஓலைக்குக் குறைவில்லை. பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவுகளில் நிலம் விரைவாகக் குளிர்கின்றது. அப்போது நிலத்தை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்று மூடிபோலக் கவிந்துகொள்கின்றது. மாலையில் மூட்டிய தீயின் புகை மேலெழ வழியின்றி விடியும்வரை ஊருக்குள்ளேயே கிடக்கின்றது. அப்புகையை எவரும் கொழும்பிலிருந்து அனுப்பவில்லை.

ஆனால் இரு தரப்பினரின் பொறுப்பும் ஒத்ததன்று. தோட்டக்காரர் வெளியிடும் மாசைத் தாமே முதலிற் சுவாசிக்கின்றனர். அவர்களின் வயல்களிலே கூலிக்குக் குனிந்து நிற்போருள், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தோரும் உளர். ஒருமுறை வீட்டை இழந்த அவர்களுக்குக் காற்றையும் தெரிந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. அரசு இவ்விரு தரப்பினரையும் நடத்திய முறையை ஒப்பிட்டுப் பாருங்கள். 2021 மே மாதத்தில், மக்களின் உடல்நலத்தையும் காரணங்காட்டி, இரசாயன உர இறக்குமதி ஓரிரவில் தடைசெய்யப்பட்டது. பயிரிடுவோர் நிலைகுலைந்தனர். அவ்வாண்டு நவம்பரிலே தடை விலக்கப்பட்டது. கமக்காரரின் கையிலிருந்த உரப்பையை ஒரே வர்த்தமானியாற் பறிக்கத் துணிந்த அரசுக்கு, கடற்கரையிலே திறந்து கிடக்கும் நிலக்கரிக்கு ஒரு கூரை போடத் துணிவு வரவில்லை. உடல்நலம் பற்றிய அக்கறை ஏழையின் தோட்டத்து வேலியைத் தாண்டி அப்பாற் செல்லாது போலும்.

வாடை கற்பித்த பாடம்

காற்றுத் திரும்பும்போது கதையும் திரும்புகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வட இந்தியச் சமவெளியின் புகை வங்காள விரிகுடாவைக் கடந்து இலங்கைவரை வந்து சேர்வதுண்டு. 2022 டிசெம்பரில், மாண்டஸ் புயல் விரிகுடாவில் நிலைகொண்டிருந்த நாட்களில், நாட்டின் பல நகரங்களிலும் வளித்தரம் மிகவும் கெட்டது. டிசெம்பர் 9 ஆம் நாள் நாடு முழுவதும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. அம்முடிவை நாம் குறைகூறவில்லை. காற்று மாசுபட்டதென்பதற்காகப் பாடசாலையை மூடலாம் என்று அரசு ஏற்றுக்கொண்ட நாள் அது. அயல்நாட்டுப் புகைக்கு ஒரு நாளிலே கிடைத்த கவனம் உள்நாட்டுக் கரித்தூசிக்கு ஏன் இத்தனை ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை என்று நுரைச்சோலைப் பெற்றோர் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்?

அவ்வயற்புகையின் வரலாற்றிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. டில்லியை மூடும் நவம்பர்ப் புகைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்தபின் எரிக்கப்படும் தாள். 2009 இல் அவ்விரு மாநிலங்களும் நிலத்தடி நீரைக் காப்பதற்காக, யூன் மாதத்தில் ஒரு குறித்த நாளுக்கு முன்னர் நாற்று நடலாகாது என்று சட்டம் இயற்றின. நோக்கம் நல்லதே. ஆனால் நடுகை பிந்தியபோது அறுவடையும் பிந்தியது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடைப்பட்ட நாட்கள் சுருங்கின. தாளை எரிப்பதே விரைவான வழியாயிற்று. எரிக்கும் காலமும் காற்று அடங்கிப் புகை தேங்கும் நாட்களுக்குத் தள்ளப்பட்டது. எவ்வளவு எரிக்கின்றோம் என்பதைப் போலவே எப்போது எரிக்கின்றோம் என்பதும் முக்கியமானது என்பதை இது காட்டுகின்றது. பஞ்சாபில் ஒரு சட்டம் தீயைக் காற்றற்ற காலத்துக்குத் தள்ளியது. நுரைச்சோலையில் கடலின் கொந்தளிப்பு நிலக்கரிக் குவியலைக் காற்று மிகுந்த காலத்துக்குத் தள்ளியிருக்கின்றது. இரண்டிடத்தும் காலநிலையின் நாட்காட்டியையும் தொழிலின் நாட்காட்டியையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவர் எவருமில்லை.

சராசரி என்னும் திரை

சட்டம் என்ன சொல்கின்றது? 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 2008 இல் திருத்தப்பட்ட வளித்தர நியமங்களின்படி, நுண்துணிக்கையின் ஆண்டுச் சராசரி கனமீற்றருக்கு 25 மைக்குரோகிராமுக்கும், ஒரு நாட் சராசரி 50 மைக்குரோகிராமுக்கும் மேற்படலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டியோ ஆண்டுக்கு 5, நாளுக்கு 15 என்கின்றது. ஆண்டளவிலே நம் எல்லை அதனிலும் ஐந்து மடங்கு தளர்ந்தது.

எல்லையின் தளர்ச்சியைக் காட்டிலும் ஆபத்தானது அதைக் கணக்கிடும் முறை. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கை இங்குத் தருகின்றோம். ஓரூரில் ஏழு மாதங்கள் நுண்துணிக்கையின் அளவு 12 ஆகவும், காற்று வீசும் ஐந்து மாதங்கள் 40 ஆகவும் உள்ளதெனக் கொள்வோம். ஆண்டுச் சராசரி 23.7 மட்டுமே. எந்த ஒரு நாளும் 50 ஐத் தாண்டவில்லை. சட்டத்தின் கண்ணில் அவ்வூர் தூய ஊர். ஆனால் அங்கு வாழும் குழந்தை, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு விதித்த எல்லையினும் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட காற்றைத் தொடர்ந்து ஐந்து மாதங்கள் சுவாசித்திருக்கின்றது. குழந்தை ஆண்டுச் சராசரியைச் சுவாசிப்பதில்லை. அன்றன்றைய காற்றையே சுவாசிக்கின்றது. பருவக்காற்றால் ஆளப்படும் ஒரு நாட்டில், பருவத்தைக் கணக்கில் எடுக்காத நியமம் மாசை மறைக்கும் திரையாகவே அமையும்.

மின்சாரம் வேண்டாமா?

இவ்வாறு பேசுவோரை நோக்கி எழுப்பப்படும் இறுதிக் கேள்வி இது: உங்களுக்கு மின்சாரம் வேண்டாமா? இக்கட்டுரையும் மின்விளக்கின் கீழேயே எழுதப்பட்டது. அவ்வொளியிற் பெரும்பங்கு நுரைச்சோலை தந்ததாகவும் இருக்கலாம். அதனாலேயே இக்கேள்வி நம்மைச் சுடவேண்டும். மின்கட்டணத்தில் நாம் செலுத்துவது நிலக்கரியின் விலையை. அதன் தூசியின் விலையை நுரைச்சோலையார் தம் மூச்சினாலும் விற்பனையாகாத மரக்கறியினாலும் செலுத்துகின்றனர். ஒருவர் நுகர இன்னொருவர் விலை கொடுப்பதை அபிவிருத்தி என்று அழைப்பது நேர்மையாகாது. நிலையத்தை நாளையே மூடவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. புதிய நிலக்கரி நிலையங்களை அமைப்பதில்லை என்னும் உடன்பாட்டில் 2021 செப்ரெம்பரிலே இலங்கையும் இணைந்தது. புதியவை வேண்டாமென உலகுக்கு வாக்களித்தவர்கள், பழையதன் அருகே வாழ்வோருக்கும் ஏதேனும் வாக்களிக்கவேண்டும்.

வேண்டுவன நான்கு. முதலாவது, நிலக்கரிக்குக் கூரை. உலகின் பல துறைமுகங்களிலும் மின்நிலையங்களிலும் நிலக்கரி மூடிய களஞ்சியங்களிலே வைக்கப்படுகின்றது. இஃது ஆகாத காரியமன்று. இரண்டாவது, பருவந்தோறும் தனித்தனியே கணக்கிடும் நியமம். கச்சான் மாதங்களின் சராசரி தனியே எல்லைக்குள் அடங்கவேண்டும். மூன்றாவது, காற்றுச் செல்லும் திசையில், தோட்டங்களுக்கு நடுவே, ஓயாது அளக்கும் கருவிகள். அவற்றின் அளவைகள் ஊராருக்கு அன்றன்றே தெரியவேண்டும். நான்காவது, தோட்டக்காரருக்குத் தடையுத்தரவு அல்லாத உதவி. யூரியாவை மண்ணுள் இட்டு உடனே நீர் பாய்ச்சவும், ஓலையை எரிக்காமல் பசளையாக்கவும், வரப்போரம் காற்றுத் தடுப்பு மரங்களை நடவும் கற்பிப்பதற்கு விவசாய உத்தியோகத்தர் ஊருக்கு வந்தாற் போதும், வர்த்தமானி வேண்டியதில்லை.

இவற்றோடு நமக்குரிய கடமையும் ஒன்று உண்டு. இரசாயனத்துறை மாணவர் துணிக்கைகளை அளக்கலாம். புவியியற்றுறை மாணவர் காற்றின் பாதையை வரையலாம். மருத்துவபீடத்தார் கச்சான் மாதங்களில் இருமலோடு வருவோரைக் கணக்கெடுக்கலாம். கலைப்பீடத்து மாணவன் அனல்மின் நிலையம் பற்றிப் பேசுவதா என்று கேட்போர், பேசவேண்டியவர் பேசியிருப்பின் இவன் எழுத நேர்ந்திராது என்பதை உணர்வாராக. காற்றுக்குப் பெயரிடுதல் ஒரு காலத்திலே தமிழறிவின் பகுதியாக இருந்தது; காற்றைக் கணக்கிடுதல் இன்று அதன் பகுதியாக வேண்டும்.

நுரைச்சோலையில் வெங்காயம் பயிரிடுவோர் ஒவ்வொரு காலையும் சந்தை விலையைக் கேட்டறிந்தே வேலையைத் தொடங்குகின்றனர். அந்த விலையைப் போலவே அன்றைய காற்றின் அளவையும் அவர்கள் கேட்டு அறியக்கூடிய நாள் வரவேண்டும். அந்நாள் வரும்வரை, கிராமத்துக் காற்று தூய காற்று என்று மேடையிற் பேசுவோரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: எந்த மாதத்துக் காற்று, ஐயா?